பட்டாளத்துக் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை: தாத்தாவின் ரிப்பன் பட்டையைக் கொடுத்து ஏமாந்தோம்

வீட்டில் பழைய ராணுவ ரிப்பன் பட்டை (பதக்கங்களுக்குப் பதிலாகச் சட்டையில் குத்திக்கொள்ளும் வண்ணத் துணிப் பட்டை) இருந்தால் தயவுசெய்து அதைக் கழற்றி யாரிடமும் கொடுக்காதீர்கள். எந்த ரிப்பன் எதற்கானது என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல படம் போதும். நாங்கள் பட்டையையே கொடுத்தோம். திரும்பி வந்தது எங்கள் தாத்தாவுடையது இல்லை.

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் இருந்தவர். 1940-இல் பெங்களூரில் சேர்ந்து, 4-வது இந்திய டிவிஷனோடு வட ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கிருந்து இத்தாலிக்கும் போனார். 1988-இல் இறந்தார். பதக்கங்கள் அதற்கும் முன்பே, வீட்டில் கஷ்டம் வந்த ஒரு காலத்தில் போய்விட்டன. மிஞ்சியது சட்டைப் பைக்கு மேலே குத்திக்கொள்ளும் ரிப்பன் பட்டை மட்டும்தான். காக்கித் துணியில் ஐந்து ரிப்பன்கள். மேல் வரிசையில் இரண்டு, கீழே மூன்று. மேல் வரிசையில் இரண்டாவது ரிப்பன் மீது வெள்ளி நிறத்தில் சின்னதாக ஒரு 8. ஆயா ஒவ்வொரு பொங்கலுக்கும் பெட்டியைத் திறந்து அந்த எட்டை மட்டும் திருநீறு போட்டுத் துடைப்பார். "உங்க தாத்தா எட்டாம் பட்டாளம்டா" என்பார். எங்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அப்பாவின் சதாபிஷேகத்துக்கு அந்தப் பட்டையை ஃபிரேம் போட்டு, ஒவ்வொரு ரிப்பனுக்கும் கீழே பெயர் எழுதி மாட்டலாம் என்று நினைத்தேன். பழைய ராணுவப் பொருட்களை அடையாளம் சொல்லித் தருகிறேன் என்று சொன்ன ஒரு வியாபாரியிடம் போனேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

அவர் பட்டையைக் கையில் வாங்கியதுமே கீழ் வரிசையின் நடு ரிப்பனைத் தொட்டு, "சார், இது சாதாரணமானது இல்லை, பிரெஞ்சு அரசாங்கம் போர்க்களத்து வீரத்துக்குக் கொடுக்கிற க்ருவா த கேர்" என்றார். அதற்குப் பக்கத்து ரிப்பனைப் பார்த்து "இது இத்தாலி அரசாங்கம் கொடுத்தது" என்றார். பாண்டிச்சேரியில் சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின்) குடும்பங்கள் எப்படி வாழ்கிறார்கள் பாருங்கள், உங்களுக்கும் பிரான்சிலிருந்து ஏதாவது வரலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தாத்தா ஒருநாளும் இதைச் சொல்லவில்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அடையாளம் சொல்ல 3,000, "தொலைந்த பதக்கத்துக்கு ஈடாக" ஒரு பிரெஞ்சுப் பதக்கம் 18,500, ஃபிரேமுக்கு 6,000. மொத்தம் 27,500 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். பட்டையை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

விழாவன்று எங்கள் மாமா வந்தார். அத்தையின் கணவர், தாத்தாவின் படைப்பிரிவுக்கு இன்றைய பெயரான மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபிரேமுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எட்டு எங்க மாப்ளே?"

அப்போதுதான் கவனித்தேன். எட்டு இல்லை. நல்லவேளையாகப் பட்டையைக் கொடுப்பதற்கு முந்தைய நாள் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். மாமா படத்தையும் ஃபிரேமையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பந்தியைக்கூட மறந்து எனக்குச் சொல்லித் தந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களில் யாருக்காவது உதவும்.

முதலில் வரிசை. பிரிட்டிஷ் முறையில் ரிப்பன்களை இஷ்டத்துக்குக் குத்த முடியாது. பார்ப்பவருக்கு இடது பக்கத்திலிருந்து, மேல் வரிசையில் தொடங்கிப் படிக்க வேண்டும். வேற்று நாடு கொடுத்த விருது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும். தாத்தாவின் பட்டையில் அந்த "பிரெஞ்சு" ரிப்பனுக்கு அப்புறம் இன்னொரு ரிப்பன் இருக்கிறது: நடுவில் மெல்லிய சிவப்பு, அதன் இருபுறமும் வெள்ளைக் கோடு, பிறகு அகலமான நீலம், ஓரங்களில் சிவப்பு. அது 1939–45 போர்ப் பதக்கம், பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. அதற்கு முன்னால் பிரெஞ்சு ரிப்பன் உட்காரவே முடியாது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அந்தக் கடையிலேயே எழுந்து வந்திருப்பேன்.

அப்படியானால் நடுவில் இருந்தது எது? டிஃபென்ஸ் மெடல், அதுவும் அதே போருக்கு பிரிட்டன் கொடுத்த பதக்கம்தான். நடுவில் தீப்பிழம்பு போல ஆரஞ்சு, இரு ஓரமும் பச்சை, பச்சைக்குள் மெல்லிய கறுப்புக் கோடு. பசுமையான நிலத்தின் மேல் விழுந்த குண்டுகளின் நெருப்பு, விளக்கணைத்துக் கிடந்த இரவுகளின் கறுப்பு என்று அந்த நிறங்களுக்கு விளக்கம் உண்டு. எண்பது வருடத்தில் ஆரஞ்சு மங்கிச் செங்கல் நிறமாகிவிட்டது, கறுப்பு தெரியவே இல்லை. பச்சையும் சிவப்பும் என்று சொல்லி ஏமாற்ற அது வசதியாகப் போயிற்று.

வியாபாரி ஃபிரேமில் வைத்த பட்டையில் அதற்குப் பதிலாக, பச்சையில் மெல்லிய சிவப்புக் கோடுகள் போட்ட புது ரிப்பனைத் தைத்து, மேலே ஒரு பித்தளை நட்சத்திரமும் குத்தியிருந்தார். அது க்ருவா த கேர் ரிப்பன்தான், ஆனால் 1915-இல் முதல் உலகப் போருக்காக வந்தது. இரண்டாம் போருக்கு 1939-இல் பிரான்ஸ் அந்த விருதை மறுபடி ஏற்படுத்தியபோது நிறத்தைத் திருப்பிவிட்டது: சிவப்பு ரிப்பன், நடுவில் நான்கு பச்சைக் கோடுகள். 1940-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர் மார்பில் முதல் போரின் ரிப்பன் எப்படி வரும்? இன்னொன்று, க்ருவா த கேர் என்றால் அதன் மேல் ஓலை வடிவமோ நட்சத்திரமோ ஒன்றாவது இருக்க வேண்டும். என் பழைய படத்தில் அந்த ரிப்பனில் ஒரு ஊசித் துளைகூட இல்லை.

இத்தாலி விஷயமும் பொய். சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என்ற ஐந்து பட்டைகள் இத்தாலிக் கொடியின் நிறங்கள்தான். ஆனால் அந்த ரிப்பனுக்குரிய இத்தாலி ஸ்டார் என்ற பதக்கத்தைக் கொடுத்தது பிரிட்டன், 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை அந்தப் போர்முனையில் இருந்தவர்களுக்காக. மேல் வரிசையின் முதல் ரிப்பனைத் தலைகீழாகத் தைத்திருந்தார்கள். அது 1939–45 ஸ்டார். அதில் கடற்படையின் கருநீலம், தரைப்படையின் சிவப்பு, விமானப்படையின் வெளிர்நீலம் என்று மூன்று பட்டைகள். கருநீலம்தான் முதலில், பார்ப்பவருக்கு இடது பக்கம் வர வேண்டும்.

அந்த எட்டு ஆப்பிரிக்கா ஸ்டாருக்கு உரியது. 1942 அக்டோபர் 23-க்கும் 1943 மே 12-க்கும் இடையில் வட ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரிட்டிஷ் எட்டாவது ஆர்மியில் இருந்தவர்களுக்கு மட்டும் அந்த எண். ஆயா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அந்த உண்மையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தாத்தா வாங்காத விருதை எங்கள் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பணத்தைவிட இதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் மண்ணைத் தோண்டி, பாலம் கட்டி, கண்ணிவெடி எடுத்துச் சம்பாதித்த ஐந்து துண்டுத் துணி அது.

வியாபாரியிடம் கேட்டதற்கு, "பழசு நைந்துபோயிருந்தது சார், தூக்கிப் போட்டுவிட்டோம்" என்றார். பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பதக்கத்துக்கு வாங்கிய 18,500 மட்டும் இரண்டு மாதத்தில் திரும்பியது. ஜிபே ரசீதும் அந்தப் பழைய படமும் இருந்ததால்தான் அதுவும் கிடைத்தது.

உங்கள் வீட்டுப் பெரியவரின் விருதுகளைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் படையிலிருந்து விலகும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடுங்கள். அவருடைய படை எண் கிடைத்தால் அந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதலாம். மாமா எங்களுக்காக இப்போது பெங்களூருக்கு எழுதியிருக்கிறார்.

தூக்கிப் போட்டேன் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. எங்காவது விற்பனைக்கு வரும் என்றே நினைக்கிறேன். காக்கித் துணியில் ஐந்து ரிப்பன், இரண்டாவதில் வெள்ளி எட்டு. பின்பக்கம் கிழிந்த இடத்தை ஆயா நீல நூலால் தைத்திருப்பார், கோணலாக ஏழெட்டுத் தையல். கண்ணில் பட்டால் சொல்லுங்கள், கேட்கிற விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.