லெந்து நாட்களுக்கு ஒத்துவாக்கிய வேதாகமம்: எதைப் பார்த்து வாங்குவது?

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து தொடங்கும் சாம்பல் புதன் நெருங்கினால் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் தியானப் புத்தகங்கள் வந்து இறங்கிவிடும். நாளுக்கு ஒரு பக்கம், ஒரு வசனம், ஒரு ஜெபம். அவற்றால் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் மனந்திரும்புதல், நியாயத்தீர்ப்பு, இருதயத்தின் நினைவுகள் (அதாவது எண்ணங்கள்) ஆகிய மூன்றையும் வேதத்திலிருந்தே படித்தறிய விரும்புகிறவருக்கு எங்கள் பரிந்துரை ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, நல்ல ஒத்துவாக்கிய வேதாகமம் ஒன்றை வாங்குங்கள். தியானப் புத்தகம் ஈஸ்டரோடு முடிந்துவிடும். இது இருபது வருஷம் கூட வரும்.

ஒத்துவாக்கிய வேதாகமம் என்றால், வசனத்துக்குள் சின்ன எழுத்துக் குறி ஒன்று இருக்கும். அதே குறியைப் பக்கத்தின் நடுப்பத்தியிலோ ஓரத்திலோ தேடினால், அந்த வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களின் எண்கள் கிடைக்கும். இங்கே பேசுவது பழைய மொழிபெயர்ப்பு, அதாவது ஓ.வி. வாசகம் உள்ள பதிப்புகளைப் பற்றி. 1871-ல் வெளிவந்த ஹென்றி பவர் குழுவின் மொழிபெயர்ப்பின் வழியில் வந்த இந்த வாசகம்தான் சீர்திருத்த சபைகளின் ஆராதனையிலும் மனப்பாடத்திலும் இன்றும் நிற்கிறது.

இது ஏன் தேவை என்பதற்கு எரேமியா 29:11 போதும். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற வரி புது வருஷ வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும். அட்டையில் அது தனியாக நிற்கிறது. வேதத்தில் அதற்கு முந்தைய வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் முடிய வேண்டும் என்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, தண்டனை தொடங்கிவிட்ட பிறகு எழுதப்பட்ட கடிதம் அது. அதற்குப் பிந்தைய 13-ஆம் வசனம் முழு இருதயத்தோடும் தேடச் சொல்கிறது. நடுப்பத்தி 10-ஆம் வசனத்திலிருந்து எரேமியா 25:12-க்கும் தானியேல் 9:2-க்கும் அனுப்பும். தானியேல் 9 போய்ப் பார்த்தால், இந்த எழுபது வருஷக் கணக்கைப் படித்தவன் கொண்டாடவில்லை. இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, ஜனத்தின் பாவத்தைத் தன் பாவமாக அறிக்கையிட்டிருக்கிறான். வாக்குத்தத்தத்தை நியாயத்தீர்ப்பிலிருந்து பிரித்து வாசிக்கிற பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நாங்கள் கண்டவரை, அதற்கு நல்ல மருந்து இந்த நடுப்பத்திதான்.

எல்லாப் பதிப்பிலும் ஒத்துவாக்கியங்கள் ஒரே தரத்தில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. “ரெஃபரன்ஸ்” என்று அட்டையில் பொன்னெழுத்தில் இருந்தாலும், உள்ளே ஒரு பக்கத்துக்கு நாலைந்து எண்கள் மட்டும் தெளித்திருக்கும் பதிப்புகள் உண்டு. கடையில் நின்றபடியே சோதித்துவிடலாம், பத்து நிமிஷம் போதும். சங்கீதம் 51:4-ஐத் திறந்தால் ரோமர் 3:4 இருக்க வேண்டும், பவுல் அதை அங்கே மேற்கோள் காட்டுகிறார். சங்கீதம் 32:1-ல் ரோமர் 4:7 இருக்க வேண்டும். யோனா 3:5-ல் மத்தேயு 12:41. எரேமியா 17:10-ல் வெளிப்படுத்தின விசேஷம் 2:23. கடைசியாக லூக்கா 19:8-ல் யாத்திராகமம் 22:1. இந்த ஐந்தில் குறைந்தது நான்கு இருந்தால் வாங்கலாம் என்பது எங்கள் அளவுகோல். முதல் மூன்றும் நேரடி மேற்கோளோ பெயரிட்ட குறிப்போ ஆனதால் எல்லாருக்கும் எளிது. கடைசி இரண்டில்தான் தொகுத்தவரின் உழைப்பு தெரியும்.

அந்த இரண்டையும் கொஞ்சம் விரித்துப் பார்ப்பது நல்லது, இந்தப் பொருளின் மதிப்பே அங்கேதான் இருக்கிறது. எரேமியா 17:9 இருதயத்தைத் “திருக்குள்ளதும் மகா கேடுள்ளதும்” என்று சொல்லி, அதை அறியத்தக்கவன் யார் என்று கேட்கிறது. பத்தாம் வசனத்தில் கர்த்தரே பதில் சொல்கிறார்: இருதயத்தை ஆராய்கிறவரும் உள்ளிந்திரியங்களைச் சோதித்தறிகிறவரும் நான். அங்கிருந்து வெளிப்படுத்தின விசேஷம் 2:23-க்குப் போனால் அதே சொற்களை உயிர்த்தெழுந்த கிறிஸ்து தியத்தீரா சபைக்குச் சொல்கிறார். அதற்கு இரண்டு வசனம் முன்னே, 21-ல், அந்தச் சபையில் இருந்த யேசபேல் என்பவளைக் குறித்து, மனந்திரும்பும்படி அவளுக்குத் தவணை கொடுத்தேன் என்றும் சொல்கிறார். நினைவுகளை ஆராய்கிற நியாயாதிபதியும் மனந்திரும்பத் தவணை கொடுக்கிறவரும் ஒருவரே. இதை ஒரு பிரசங்கத்தில் கேட்பது வேறு, இரண்டு புத்தகங்களுக்கு நடுவே விரலை வைத்துக்கொண்டு கண்ணால் காண்பது வேறு.

லூக்கா 19:8-ல் சகேயு, அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். அந்த நாலு எங்கிருந்து வந்தது? யாத்திராகமம் 22:1: ஆட்டைத் திருடி அடித்தாலோ விற்றாலோ ஒரு ஆட்டுக்கு நாலு ஆடு. தானாக வந்து குற்றத்தை அறிக்கையிடுகிறவனுக்கு நியாயப்பிரமாணம் இவ்வளவு கேட்கவில்லை. லேவியராகமம் 6:5-ம் எண்ணாகமம் 5:7-ம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்கின்றன. சகேயு பிடிபடவில்லை, தானாகவே எழுந்து நின்றான். ஆனாலும் பிடிபட்ட திருடனுக்குரிய தீர்ப்பைத் தனக்குத் தானே விதித்துக்கொள்கிறான். இன்னும் ஒரு எண் நல்ல பதிப்புகளில் இருக்கும்: 2 சாமுவேல் 12:6. நாத்தான் சொன்ன ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்டு, அந்த மனுஷன் நாலத்தனை திரும்பச் செலுத்த வேண்டும் என்று தாவீது தீர்ப்புச் சொல்கிறான், அடுத்த வசனத்தில் “நீயே அந்த மனுஷன்.” அங்கிருந்து சங்கீதம் 51-க்குப் போகத் தலைப்பே வழிகாட்டும். நான்கு இடங்கள், ஒரே மாலை நேரம். மனந்திரும்புதல் என்பது வருத்தப்படுவது மட்டுமல்ல, திரும்பக் கொடுப்பதும் அதில் அடங்கும் என்பது எந்த விளக்கவுரையும் இல்லாமல் விளங்கிவிடும்.

இனி ஒத்துவாக்கியங்களைத் தவறாகப் பயன்படுத்துவது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நடுப்பத்தியில் உள்ள எண்கள் எல்லாம் ஒரே எடை உள்ளவை அல்ல. சில நேரடி மேற்கோள்கள். சில ஒரே சம்பவத்தின் வேறு பதிவுகள், நான்கு சுவிசேஷங்களுக்குள்ளும் இராஜாக்கள், நாளாகமங்களுக்குள்ளும் இவை அதிகம். மீதி உள்ளவை கருத்தோ ஒரு சொல்லோ ஒத்திருப்பதால் சேர்க்கப்பட்டவை. இந்த மூன்றாம் வகையில்தான் தடுமாற்றம் வரும். ஒரு சொல் பொருந்துகிறது என்பதற்காக இரண்டு வசனங்களும் ஒரே காரியத்தைச் சொல்வதாக எடுத்துக்கொண்டு உபதேசம் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. மேற்கோள் முதலில், சம்பவம் அடுத்து, கருத்து கடைசியில் என்ற வரிசையில் பாருங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த ஒரு வசனத்தை மட்டும் வாசிக்காமல் அந்த அதிகாரத்தின் பகுதியையாவது வாசியுங்கள். ஒரு மூல வசனம், மூன்று ஒத்துவாக்கியங்கள் என்று வைத்துக்கொண்டால் நிதானமாக அரைமணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். அதற்கு மேல் ஒரே நாளில் தொடர்ந்து போனால் எங்கே தொடங்கினோம் என்பதே மறந்துவிடும்.

எந்தச் சொல் எந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும், பின்பக்கத்தில் உள்ள சொல்லகராதியைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது சுருக்கமானது. “மனந்திரும்புதல்” என்ற சொல்லை மட்டும் தேடினால் பாதி வசனங்கள் தப்பிவிடும். ஓ.வி.யில் ரோமர் 2:4 “குணப்படும்படி” என்கிறது. யோனா 3:10-ல் நினிவே ஜனங்கள் பொல்லாத வழியைவிட்டு “திரும்பினார்கள்.” ஆகவே மனந்திரும்பு, திரும்பு, குணப்படு மூன்றையும் தேடுங்கள். மனஸ்தாபப்படு என்பதையும் தேடுங்கள், ஆனால் தனித் தாளில் எழுதி வையுங்கள்: மத்தேயு 27:3-ல் யூதாஸ் மனஸ்தாபப்பட்டான், அது அவனை ஆண்டவரிடம் கொண்டுவரவில்லை. 2 கொரிந்தியர் 7:10-ஐப் பக்கத்தில் வைத்து வாசித்தால் அந்த வேறுபாடு தெளிவாகும். நியாயத்தீர்ப்புக்கு நியாயந்தீர்க்க, ஆக்கினை ஆகியவையும், நினைவுகளுக்கு சிந்தனை, சிந்தை, யோசனை ஆகியவையும் சேர்த்துத் தேட வேண்டும்.

நீதியான சிந்தனை பற்றிப் படிக்க இந்த வேதாகமம் எவ்வளவு உதவும் என்று கேட்டால், நிறையவே உதவும். ஆனால் தொடக்க வசனத்தை நீங்கள்தான் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீதிமொழிகள் 12:5 நல்ல வாசல்: “நீதிமான்களுடைய நினைவுகள் நியாயமானவைகள்.” அங்கிருந்து பின்னே ஆதியாகமம் 6:5, இருதயத்து நினைவுகளின் தோற்றமெல்லாம் நித்தமும் பொல்லாதது என்று கர்த்தர் கண்ட இடம். முன்னே ஏசாயா 55:7. இந்த வசனத்தில் நின்று நிதானியுங்கள். துன்மார்க்கன் தன் வழியை விட வேண்டும், அக்கிரமக்காரன் தன் நினைவுகளை விட வேண்டும், இரண்டும் கேட்கப்படுகின்றன. வழியை மட்டும் மாற்றிக்கொண்டு நினைவை வைத்துக்கொள்கிறவனை ரோமர் 2:15-16 பிடித்துக்கொள்கிறது. குற்றமுண்டு, குற்றமில்லை என்று சிந்தனைகள் ஒன்றையொன்று தீர்க்கின்றன, அந்தரங்கங்களுக்குத் தீர்ப்பு நாள் ஒன்று இருக்கிறது. பிறகு எபிரெயர் 4:12, முடிவில் பிலிப்பியர் 4:8. பயமுறுத்திவிட்டு நிறுத்தாமல் எதைச் சிந்திக்க வேண்டும் என்று எடுத்துக் கொடுக்கிற வசனத்தில் முடிப்பது நல்லது.

அச்சுக்கும் கட்டுக்கும் வருவோம். தமிழ் எழுத்தின் சுழிகளும் கொம்புகளும் சின்ன அச்சில் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். வசனம் வாசிக்க முடிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், நடுப்பத்தியின் எண்களில் 3-ம் 8-ம், 1-ம் 7-ம் வேறுபடுகின்றனவா என்று பாருங்கள். அங்கே ஒரு எண் தவறாகத் தெரிந்தால் வேறு அதிகாரத்தில் போய் நிற்பீர்கள். கட்டில் நூல் தையல் இருக்கிறதா என்பதுதான் விலையைத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். ஆதியாகமம் 1-ஐயும் வெளிப்படுத்தின விசேஷம் 22-ஐயும் திறந்து மேஜையில் வையுங்கள். தானே மூடிக்கொள்ளாமல் படுத்திருந்தால் நல்ல கட்டு. பக்கங்களின் நடு மடிப்பில் அங்கங்கே நூல் தெரிய வேண்டும். பசை மட்டும் போட்ட கட்டு, முன்னும் பின்னும் புரட்டுகிற இந்த வகை வாசிப்புக்கு நெடுநாள் தாங்காது. ஏசாயாவுக்கும் ரோமருக்கும் இடையே ஓடி ஓடி முதுகு பிளந்துவிடும். தோல் அட்டைக்குக் கொடுக்கிற பணத்தைத் தையலுக்குக் கொடுங்கள்.

ஜிப் வைத்த உறை பயணத்துக்கு வசதி, வீட்டுப் படிப்புக்கு இடைஞ்சல். மூடும்போது பக்க முனைகள் பல்லில் மாட்டிக் கிழியும், ஆதியாகமத்தின் முதல் பக்கங்கள்தான் முதலில் போகும். புத்தகப் பெயர்களுக்குப் பக்க ஓரத்தில் வெட்டிய விரல்குழி பழகாதவருக்கு உதவும், 66 புத்தகங்களின் வரிசை தெரிந்தவருக்குத் தேவையில்லை. கைபேசிச் செயலியில் எண்ணைத் தட்டினால் வசனம் உடனே திறக்கும், வேகத்தில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் திறப்பது பெரும்பாலும் அந்த ஒரு வசனம் மட்டுமே. எரேமியா 29-ல் நேர்ந்த அதே துண்டாடல் அங்கே திரும்பவும் நேர்கிறது.

புதிதாக வாங்கியதை நடுவில் படாரென்று விரிக்காதீர்கள். மேஜையில் முதுகு படும்படி வைத்து, முன்னால் சில தாள், பின்னால் சில தாள் என்று மாறி மாறி அழுத்தி நடுவுக்கு வாருங்கள். தாள் மெல்லியது, மார்க்கர் பேனா மறுபக்கம் ஊறும், பால்பாயிண்ட் பேனா தழும்பு விழுத்தும். மென்மையான வண்ணப் பென்சில் போதும். மனந்திரும்புதலுக்கு ஒரு நிறம், நியாயத்தீர்ப்புக்கு ஒரு நிறம், நினைவுகளுக்கு ஒரு நிறம். எசேக்கியேல் 18-ஐ இப்படிக் குறித்துப் பாருங்கள், முதல் இரண்டு நிறமும் ஒரே வசனத்தில் மோதும். கடலோர ஊர்களில் ஈரம் சேர்ந்து ராமபாணப் பூச்சி வரும், மாதத்துக்கு ஒருமுறை முழுவதும் விசிறிப் புரட்டி வையுங்கள்.

கத்தோலிக்க வாசகர்கள் 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையே வைத்துக்கொள்ளலாம். சீராக்கின் ஞானம் 5:7-ல் ஆண்டவரிடம் திரும்பக் காலம் தாழ்த்தாதே என்ற அறிவுரை அதில் உண்டு, 66 புத்தகப் பதிப்பில் அது கிடைக்காது.

நாற்பது நாளையும் நிரப்ப முடியாதவர்களுக்குக் குறுகிய திட்டம் ஒன்று: லெந்து நாட்களில் ஞாயிறு ஆறு, அதோடு பெரிய வெள்ளி. சபை மரபு மனந்திரும்புதலின் சங்கீதங்கள் என்று சேர்த்து வைத்தவையும் ஏழு: 6, 32, 38, 51, 102, 130, 143. ஞாயிறுக்கு ஒன்றாக, 143-ஐ வெள்ளிக்கு வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று ஒத்துவாக்கியங்கள் பார்க்கலாம். கண்பார்வை மங்கிய பெரியவர்களுக்கு இந்த நடுப்பத்தி எழுத்து சரிப்படாது. அவர்களுக்குப் பெரிய எழுத்து வேதாகமம் வாங்கிக் கொடுத்து, ஒத்துவாக்கியத்தைப் பேரப்பிள்ளை தேடி எடுத்து உரக்க வாசிக்கலாம்.