ஹட்டிப் பள்ளியா, நகரப் பள்ளியா?

நீலகிரியில் கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஹட்டிகளில் (படகர் ஊர்களில்), பிள்ளையை ஊரிலேயே உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்ப்பதா, வேனில் ஏற்றி நகரத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்புவதா என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது.

செய்து கற்பதைப் பொறுத்தவரை ஊர்ப் பள்ளியையே நான் முன்னே வைப்பேன். 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகள் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிந்து, பாட்டும் கதையும் விளையாட்டுமாகப் பயில்கின்றனர். பள்ளிச் சுவருக்கு அப்பால் கேரட் பாத்தியும் தேயிலைச் சரிவும் இருக்கும்போது, அளவைப் பாடத்துக்குப் படம் எதற்கு? தொட்டபெட்டா சிகரத்துக்குக் கிழக்கே இருப்பதால் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையை அதிகம் நம்பியிருக்கிறது என்பதை, வெட்டிய பாட்டிலில் மழையை அளந்தே ஒரு வகுப்பு கண்டறிந்துவிட முடியும். காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர் பெரும்பாலும் தெரிந்த அக்காவாகவே இருப்பார். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோரே பெரும்பான்மையினர்.

நகரப் பள்ளியில் வகுப்புக்கொரு ஆசிரியரும், ஒத்த வயதுத் தோழர்களும், ஆங்கிலப் பழக்கமும் கிடைக்கும். (வளைவுச் சாலையில் வாந்தியும் கிடைக்கும்.) ஊர்ப் பள்ளியின் உண்மையான குறை ஆசிரியர் எண்ணிக்கை: 60 பிள்ளைகள் வரை இருவர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம், ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில் விழும். ஆகவே சேர்க்கும் முன், பள்ளியில் இப்போது எத்தனை ஆசிரியர்கள் பணியில் உள்ளனர் என்று கேட்டுக்கொள்வது நல்லது.