டிரா.ஐஓவா, பிளான்ட்யுஎம்எல்லா?

பினாங்கு பாயான் லெப்பாஸில் மென்பொருள் வரைபடம் போடும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு இலவசக் கருவிகள் உண்டு.

டிரா.ஐஓவில் பெரும்பாலும் கைவேலை. பெட்டியை இழுக்கலாம், நிறம் மாற்றலாம். மலாய்க் குறிப்புகளை ஓர் அடுக்கிலும் தமிழ்க் குறிப்புகளை இன்னோர் அடுக்கிலும் வைத்து, பார்ப்பவருக்கு ஏற்றபடி ஒன்றை மறைக்கலாம். மேலாளரிடம் காட்ட இதுவே அழகு.

பிளான்ட்யுஎம்எல், நாம் எழுதும் கட்டளை வரிகளிலிருந்து படம் வரையும். ‘ஹைட் மெத்தட்ஸ்’ என்று ஒரு வரி சேர்த்தால் எல்லா வகுப்புப் (கிளாஸ்) பெட்டிகளிலும் செயற்கூறுகள் (மெத்தட்) மறைந்துவிடும். ‘லெஃப்ட் டு ரைட் டைரக்‌ஷன்’ என்றால் மேலிருந்து கீழே இறங்கிய படம் இடமிருந்து வலமாகத் திரும்பும். நிறங்களைத் தனிக் கோப்பில் எழுதி, எல்லாப் படங்களுக்கும் அதையே இணைக்கலாம். பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்பதை மட்டும் பெரும்பாலும் அதுவே பிடிவாதமாக முடிவு செய்யும். வாராவாரம் மாறும் படமென்றால் நான் இதைத்தான் எடுப்பேன், கோடுகள் பின்னிக்கொள்ளும்போது திட்டிக்கொண்டே.