110 மில்லிமீட்டருக்குள் ஒரு கணக்கு: முன் ஃபோர்க்குக்கு எந்த ஸ்பிரிங்?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது முன் ஃபோர்க்கின், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் இரட்டைக் குழாய்களின், குறை அவ்வளவாகத் தெரிவதில்லை, இறங்கும்போதுதான் தெரிகிறது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்பு பிரேக் பிடிக்கையில் வண்டி முன்பக்கம் குத்திக்கொண்டு இறங்குகிறது. ஃபோர்க் ஏறக்குறைய அடிவரை அமுங்கிவிட்ட அந்த நேரத்தில் சாலையில் ஒரு சின்னப் பள்ளம் வந்தாலும் அது கைப்பிடி வழியாகத் தோள்பட்டைவரை ஏறிவிடுகிறது. என்னுடைய ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்கில் முன் ஃபோர்க்கின் மொத்த ஓட்டமே, அதாவது அது அமுங்கக்கூடிய முழுத் தொலைவே, 110 மி.மீ.தான். இதே ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411-இல் அது 200 மி.மீ. எந்த ஸ்பிரிங்கை வாங்குவது என்ற கேள்விக்கு இவ்விரு வண்டிக்காரர்களுக்கும் ஒரே விடை பொருந்தாது.

கடைகளில் கிடைப்பவை இரண்டு வகை. எவ்வளவு அமுக்கினாலும் ஒரே விகிதத்தில் எதிர்க்கும் லீனியர் ஸ்பிரிங் ஒன்று; ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் அமைந்து, முதலில் மெதுவாகவும் போகப்போகக் கெட்டியாகவும் எதிர்க்கும் புரோகிரசிவ் ஸ்பிரிங் மற்றொன்று. இவற்றுக்கு வெளியே, பழைய ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டு மேலே ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டைச் செருகி பிரீலோடை (பாரம் ஏறும் முன்பே ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கும் அளவை) ஏற்றுவதும், கனமான ஆயில் ஊற்றுவதும் நம் பட்டறைகளில் நெடுங்காலமாக நடப்பவை. நானும் அங்கேதான் தொடங்கினேன். 25 மி.மீ. நீளத்துக்குக் கூடுதல் குழாயும் 15டபிள்யூ என்ற கனமான ஆயிலும் போட்டு வால்பாறை போய் வந்ததில், பொள்ளாச்சி வந்து சேர்வதற்குள் இரண்டு உள்ளங்கைகளும் மரத்துவிட்டன. வேகத்தடையைத் தாண்டி முன்சக்கரம் கீழே விழும்போதெல்லாம் ஃபோர்க் முழுக்க நீண்டு, மேல்முனையில் ‘டக்’ என்று இடித்தது. ஆவாரம்பாளையத்தில் லேத் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் வண்டியை இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏனுங்க, ஸ்பிரிங்கை இறுக்கினா அது கெட்டி ஆயிருமுங்களா? எந்திரிச்சு நிக்கும், அவ்வளவுதானுங்க.”

அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியுமாகச் சேர்ந்து முன் ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கும் எடை 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்க்கின் சாய்வையும் உள்ளே இருக்கும் காற்றையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 0.80 கிலோ வேண்டும் எனில் இரண்டும் சேர்ந்து 1.6, ஆக 75 மி.மீ. அமுங்க வேண்டும். அதில் 30 மி.மீ. பிரீலோடாக ஏற்கெனவே அமுங்கியிருப்பதால், ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் 45 மி.மீ. இறங்கும். மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு, அதாவது 33 மி.மீ. இறங்குவதே சாலை வண்டிக்குப் பொருத்தமானது என்பது பரவலான நடைமுறை. இனி, வளைவுக்கு முன் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது மேலும் 80 கிலோ முன்னால் சாய்கிறது என்றால் இன்னொரு 50 மி.மீ. போய்விடும், பள்ளத்தைத் தாங்குவதற்கு மிஞ்சுவது 15 மி.மீ. மட்டுமே. குழாயை 12 மி.மீ. கூடுதல் நீளமாக வெட்டிப் போட்டால் உட்காரும் அளவு 33-க்கு வந்துவிடும். ஆனால் பிரேக்கில் குத்தும் அளவு அதே 50-தான், மிச்சம் 27. மாறாக, பிரீலோடைத் தொடாமல் 0.95 ஸ்பிரிங் போட்டால் உட்காரும் அளவும் 33 ஆகிறது, குத்துவதும் 42 ஆகக் குறைகிறது, மிச்சம் 35 மி.மீ. கிடைக்கிறது. பள்ளத்தைத் தாங்குவதற்கு 15, 27, 35 என்ற இந்த மூன்று எண்களைப் பார்த்த பிறகு குழாய்த் துண்டைத் தீர்வாக எண்ண என்னால் முடியவில்லை. அது அளவைத் திருத்துவதற்கான கருவி. ஸ்பிரிங்கின் பலத்தை அது தொடுவதே இல்லை.

புரோகிரசிவ் ஸ்பிரிங்கின் பக்கம் பேசுபவர் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்யும் என் நண்பர். சில நாள் தனியாகவும் சில நாள் மனைவியுடனும் போகிறவனுக்கு இரண்டு பாரத்துக்கும் ஒத்துப்போகிற ஸ்பிரிங்தானே வேண்டும் என்பது அவர் வாதம். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் பின்னால் உட்காருபவரின் எடையில் மிகப் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. முன் ஃபோர்க்குக்கு வந்து சேர்வது மிகக் குறைவு. இரண்டு பேர் போகும் நாளில் பின் ஷாக்கின் பிரீலோடை ஒரு படி ஏற்றாமல் முன் ஸ்பிரிங்கை மாற்றுவது, வலது காலில் முள் குத்தியதற்கு இடது காலில் மருந்து போடுவதைப் போன்றது.

இன்னும் நுணுக்கமான குறை ஒன்று உண்டு. நெருக்கமான சுற்றுகள் பெரும்பாலும் ஆள் ஏறி உட்கார்ந்ததுமே ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிடுகின்றன. அதற்குப் பிறகு அந்த ஸ்பிரிங் கிட்டத்தட்ட லீனியராகத்தான் வேலை செய்கிறது. மெதுவான தொடக்கத்துக்காக நாம் கொடுத்தது 110 மி.மீ. ஓட்டத்தின் ஒரு பெரிய துண்டை. அத்துடன் ஸ்பிரிங்கின் விகிதம் மாறிக்கொண்டே போகும்போது, அது திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய ஆயிலின் தடை மட்டும் மாறுவதில்லை. ஆகையால் ஒரு முனைக்குச் சரிசெய்தால் மறுமுனையில் ஃபோர்க் ஒன்று சோம்பி எழும், அல்லது துள்ளி எழும். தொடர்ந்து இடமும் வலமுமாக வண்டியைச் சாய்க்க வேண்டிய திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளில் இந்த நிலையின்மை தெளிவாகத் தெரியும்.

கடைசி ஓட்டத்தில் கெட்டியாக வேண்டும் என்ற ஆசை மட்டும் நியாயமானதே. ஆனால் அதற்கென்று தனி ஸ்பிரிங் தேவையில்லை, ஏனெனில் ஃபோர்க்கினுள் ஆயிலுக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றே ஒரு புரோகிரசிவ் ஸ்பிரிங். ஸ்பிரிங்கைக் கழற்றி ஃபோர்க்கை முழுவதும் அமுக்கிய நிலையில் விளிம்பிலிருந்து ஆயில் மட்டத்தை அளந்து, ஐந்தைந்து மில்லிமீட்டராக உயர்த்தினால், தொடக்கத்தில் வேறுபாடே தெரியாது; அடியை நெருங்கும்போது எதிர்ப்பு வேகமாக ஏறும். அளவு மீறினால் ஆயில் சீல் தாங்காது.

ஆயிலின் கனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவில் அச்சிட்டிருக்கும் 10டபிள்யூ, 15டபிள்யூ ஆகியவை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதால், 40 டிகிரி வெப்பத்தில் அதன் பாகுத்தன்மை எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) என்று பார்த்து வாங்குவதே முறை. சாதாரண ஃபோர்க்கில் ஆயில் சிறு துளைகள் வழியாக மட்டுமே ஓடுவதால், கனமான ஆயில் பிரேக்கில் குத்துவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, பள்ளத்தில் விழும் அடியை அதைவிட அதிகமாகக் கடினமாக்கும். அன்று என் கைகள் மரத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

லீனியர் என்று முடிவான பிறகும் ஒரு கேள்வி இருந்தது: இறக்குமதி செய்ததை வாங்குவதா, கோயம்புத்தூரிலேயே சுற்றித் தரச் சொல்வதா? பம்பும் மோட்டாரும் செய்து பழகிய ஊரில் ஸ்பிரிங் சுற்ற ஆளில்லையா என்று கேட்கத் தோன்றும்; ஆளிருக்கிறார்கள். ஆனால் ஸ்பிரிங்கின் பலம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. சுற்றின் அளவும் எண்ணிக்கையும் மாறாமல் 4.5 மி.மீ. கம்பி 4.7 ஆனாலே பலம் 19 விழுக்காடு ஏறிவிடும். 0.80-இலிருந்து 0.95-க்குப் போவதற்குத் தேவையான மொத்த மாற்றமே அவ்வளவுதான். மெக்கானிக் அண்ணன் மைக்ரோமீட்டரை வைத்துக் கம்பியை மூன்று இடங்களில் அளந்து காட்டியபோதுதான், மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு பிசகினாலும் நான்கரை விழுக்காடு போய்விடும் என்பது எனக்கு உறைத்தது. சுற்றிய பின் சரியான சூட்டில் உள்ளிறுக்கம் நீக்காவிட்டால் சில மாதங்களில் ஸ்பிரிங் நீளம் குறைந்து உட்கார்ந்தும் விடும். பழைய ஸ்பிரிங்கில் சில சுற்றுகளை வெட்டிவிட்டு அந்த நீளத்துக்குக் குழாய் வைப்பது இன்னொரு வழி. 40 சுற்றில் ஆறை எடுத்தால் பலம் 17, 18 விழுக்காடு கூடும். கணக்கில் குற்றமில்லை. ஆனால் மீதமுள்ள சுற்றுகள் முழு அமுக்கத்தில் ஒன்றையொன்று தொடாமல் இருக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டிய முனையைத் தட்டையாகத் தேய்க்கவும் வேண்டும்.

நான் எடை சொல்லி வாங்கிய லீனியர் ஸ்பிரிங்கைப் போட்டு, பழைய கனத்து ஆயிலுக்கே திரும்பினேன். ஹிமாலயன் வைத்திருந்து, நாள் முழுவதும் ஊர்ச்சாலைகளின் வேகத்தடைகளிலேயே ஓடுகிறவராக இருந்திருந்தால் புரோகிரசிவை இவ்வளவு எளிதாக ஒதுக்கியிருக்க மாட்டேன், 200 மி.மீ. உள்ளவர் மெதுவான தொடக்கத்துக்குக் கொஞ்சம் ஓட்டத்தைக் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்.

அளப்பதற்கு என்னிடம் இருந்தது ஃபோர்க் குழாயைச் சுற்றிக் கட்டிய ஒரு கேபிள் டை. ஸ்பிரிங் மாற்றிய பின் அதே சாலையில் இறங்கி, ஆழியாறு செக்போஸ்ட் அருகே நிறுத்திப் பார்த்தபோது, அடிவரை இன்னும் 18 மி.மீ. இருக்கும்போதே அது நின்றிருந்தது. முன்பெல்லாம் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊர் திரும்பும் வழியில் வரும் ஒட்டுப்போட்ட தார்ச்சாலையில் சின்னச் சின்ன அதிர்வு இன்னும் கையில் ஏறத்தான் செய்கிறது. அது ஆயில் ஓடும் துளைகளின் குறை, ஸ்பிரிங்கின் குறை அல்ல; அந்த ஆயில் ஓட்டத்தைச் சீராக்கும் எமுலேட்டர் வால்வு போட்டால் தீரும் என்கிறார் அண்ணன், அடுத்த ஆயில் மாற்றத்தின்போது.