வங்கியா, கடன் தரகரா: ஒரே வீட்டுக் கடனோடு 12 ஆண்டுகள்

எங்கள் வீட்டுக் கடனுக்கு இப்போது 12 வயது. முதல் 5 ஆண்டுகள் அது நாங்களே கிளைக்குச் சென்று வாங்கிய வங்கிக் கடனாக இருந்தது. அதன்பின் ஒரு கடன் தரகரின் வழியாக வேறொரு வங்கிக்கு மாற்றினோம், அதற்கும் 7 ஆண்டுகள் ஆகிவிட்டன. வீடும் குடும்பமும் அப்படியே இருக்க, கடனுக்குப் போன வழி மட்டும் மாறியதால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கடன் தொகை கைக்கு வந்த மகிழ்ச்சியில் எழுதும் கருத்துக்கும் பல ஆண்டுகள் தவணை கட்டிய பின் எழுதும் கருத்துக்கும் பெரிய இடைவெளி உண்டு என்பதாலேயே இவ்வளவு காலம் காத்திருந்து இதை எழுதுகிறேன்.

முதல் கடனை வாங்கியபோது நானும் என் கணவரும் மாதச் சம்பளக்காரர்கள். என் சம்பளக் கணக்கு இருந்த வங்கியிலேயே விண்ணப்பித்தோம். பல ஆண்டு வரவு செலவு அவர்கள் கண்முன்னே இருந்ததால் கேட்ட ஆவணங்கள் குறைவு, 19 நாட்களில் ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது. அந்த வேகத்தை இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் எதிரே அமர்ந்திருந்த அலுவலரிடம் இருந்தது ஒரே ஒரு வங்கியின் திட்டங்கள் மட்டுமே. அவற்றில் எது எங்களுக்கு ஏற்றது என்று அவர் சொல்ல முடியும். அவரது வங்கியே எங்களுக்கு ஏற்றதா என்று அவர் சொல்ல முடியாது, அதை அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கடனோடு சேர்த்து ஒரே தவணையில் பிரீமியம் கட்டும் காப்பீடு ஒன்றையும் அவர் முன்வைத்தார். அந்தப் பிரீமியம் கடன் தொகையிலேயே ஏற்றப்பட்டதால், அதற்கும் கடன் காலம் முழுவதும் வட்டி கட்டுகிறோம் என்பது எங்களுக்கு உறைத்தது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். காப்பீடு தேவையானதே, அதைக் கடனில் ஏற்றாமல் தனியாக வாங்கியிருக்கலாம் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

நேரடி வங்கிக் கடனில் என்னை உண்மையாகவே வருத்திய விஷயம் நான்காம் ஆண்டில் வெளிப்பட்டது. மாறும் வட்டி என்பது பொதுவாக இரண்டு பகுதிகளால் ஆனது: சந்தையோடு ஏறி இறங்கும் அடிப்படை விகிதம் ஒன்று, அதன் மேல் வங்கி கூட்டும் விகிதம் மற்றொன்று. அடிப்படை விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும், மேலே கூட்டும் பகுதி கையெழுத்திட்ட நாளில் எழுதப்பட்டபடியே பெரும்பாலும் நிற்கிறது. அதே வங்கி புதிய வாடிக்கையாளர்களுக்கு அந்தக் கூடுதலைக் குறைத்திருந்தது. நான்கு ஆண்டுகளாக ஒரு தவணையும் தவறாத எங்களுக்குக் குறைக்கவில்லை, குறைத்துத் தர முடியும் என்று சொல்லவும் இல்லை. வேறுபாடு அரை விழுக்காடு. கேட்க மிகச் சிறியது. கணக்குப் போட்டால் அப்படியல்ல. 20 ஆண்டுக் கடனாக 100 பங்கு பணம் வாங்கினால், 8 விழுக்காடு வட்டியில் மொத்தம் ஏறத்தாழ 200.7 பங்கு திருப்பிக் கட்டுவோம்; 7.5 விழுக்காட்டில் அது 193.3 பங்கு. அந்த அரை விழுக்காட்டின் விலை, வாங்கிய கடனில் ஏழு விழுக்காட்டுக்கும் மேல்.

வேறு வங்கிக்கு மாறலாம் என்று முடிவெடுத்த நேரத்தில் நான் வேலையை விட்டுச் சொந்தமாக வடிவமைப்புத் தொழில் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நேரடியாகவே இரண்டு வங்கிகளுக்குச் சென்றோம். ஒரு வங்கி என் இரண்டு ஆண்டு வருமானத்தில் குறைவான ஆண்டை மட்டும் கணக்கில் கொண்டு, எங்கள் மீதிக் கடனையே முழுதாக ஏற்க முடியாது என்றது. மற்றொன்று மூன்று ஆண்டுக் கணக்கு இல்லாமல் விண்ணப்பத்தைப் பார்க்கவே இயலாது என்றது. இரண்டுமே எங்கள் கிரெடிட் ஸ்கோரை, அதாவது கடன் வரலாற்றுக்குக் கொடுக்கப்படும் மதிப்பெண்ணை, விசாரித்த பிறகுதான் இதைச் சொன்னன. குறுகிய காலத்தில் இப்படி அடுத்தடுத்து நடக்கும் விசாரணைகள் கடன் வரலாற்றில் பதிவாகின்றன, மதிப்பெண்ணையும் சற்றுக் குறைக்கக்கூடும். எந்தக் கதவு திறக்கும் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தட்டுவதற்கும் ஒரு விலை உண்டு என்று அப்போது கற்றுக்கொண்டேன்.

தரகரிடம் போனது அதன் பிறகுதான், அதுவும் தயக்கத்தோடுதான். முதல் சந்திப்பில் அவர் எந்த வங்கியின் பெயரையும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேலாக என் கணக்கு வழக்குகளைப் பார்த்தவர், கணினிகளுக்கும் வாகனத்துக்கும் நான் காட்டியிருந்த தேய்மானத்தில் விரலை வைத்தார். பொருள்கள் பழசாகி மதிப்பு இழப்பதைச் செலவாகக் காட்டும் தேய்மானம் கணக்கில் லாபத்தைக் குறைக்கிறது, ஆனால் அந்த ஆண்டில் கையிலிருந்து பணம் எதுவும் போவதில்லை. ஆகவே சில கடன் நிறுவனங்கள் அதை வருமானத்தோடு திரும்பக் கூட்டிக்கொள்கின்றன, சில கூட்டுவதில்லை. இரண்டு ஆண்டுகளின் சராசரியை எடுப்பவர்கள் உண்டு, குறைவான ஆண்டை மட்டும் எடுப்பவர்களும் உண்டு. ஒரே மனுஷியின் ஒரே வருமானம் ஒரு மேசையில் போதாததாகவும் அடுத்த மேசையில் தாராளமானதாகவும் தெரிவது இதனால்தான். எந்த நிறுவனம் எதை எப்படிக் கணக்கிடும் என்ற இந்த அறிவுதான் நல்ல தரகரிடம் இருக்கும் சரக்கு என்பது என் உறுதியான கருத்து. குறைந்த வட்டியை இணையத்தில் யாரும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அந்த வட்டியை நமக்குத் தருவார்களா என்பதை அங்கே கண்டுபிடிக்க முடியாது. எங்கள் விண்ணப்பம் ஒரே இடத்துக்குப் போனது, ஒரே முறையில் ஏற்கப்பட்டது.

இத்தோடு நிறுத்தினால் இது தரகருக்கான பரிந்துரைக் கடிதமாகிவிடும். அதே தரகர் எங்களிடம் கொடுத்த முதல் கணக்குத் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடனை மாற்ற நினைக்கும் எவரும் கவனிக்க வேண்டிய இடம் அது.

தாளின் மேற்பகுதியில் எங்கள் மாதத் தவணை எவ்வளவு குறையும் என்பது பெரிய எழுத்தில் இருந்தது. புதிய கடனின் காலம் 20 ஆண்டுகள் என்பது கீழே சிறிய வரியாக இருந்தது. எங்கள் பழைய கடனிலோ 15 ஆண்டுகள்தான் மீதி. முன்பு சொன்ன 100 பங்குக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 8 விழுக்காட்டில் 5 ஆண்டுகள் தவணை கட்டிய பிறகும் அசலில் ஏறத்தாழ 87.5 பங்கு மீதி நிற்கும். தொடக்க ஆண்டுகளின் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுவதால் அப்படி. பழைய வங்கியிலேயே இருந்து மீதி 15 ஆண்டுகளை முடித்தால் இனிக் கட்ட வேண்டியது 150.6 பங்கு. 7.5 விழுக்காட்டுக்கு மாறிக் காலத்தையும் மீண்டும் 20 ஆண்டுகளாக நீட்டினால் மாதத் தவணை 0.836 பங்கிலிருந்து 0.705 பங்காக இறங்கும், ஆனால் மொத்தம் 169.2 பங்காக ஏறிவிடும். வட்டி விகிதம் குறைந்திருக்கிறது, மாதத் தவணை குறைந்திருக்கிறது, ஆனாலும் கூடுதலாக 18 பங்குக்கு மேல் கட்டுகிறோம். அதே 7.5 விழுக்காட்டில் காலத்தை 15 ஆண்டுகளிலேயே நிறுத்தினால் மொத்தம் 146 பங்கு. மாறியதன் உண்மையான பயன் அந்த நாலரைப் பங்குதான், அதிலும் மாற்றுவதற்கான செயலாக்கக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், சட்டக் கட்டணம் எல்லாம் கழிய வேண்டும். "15 ஆண்டுக்கே போட்டுக் கொடுங்கள்" என்று என் கணவர் கேட்டபோது தரகர் உடனே மாற்றிக் கொடுத்தார், முகம் சுளிக்கவில்லை. ஆனால் நாங்கள் கேட்டதால்தான் கொடுத்தார்.

அவர் கெட்ட மனிதர் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவருக்கு எப்படிப் பணம் வருகிறது என்பதைப் பார்த்தாலே பலவும் விளங்கிவிடும். பெரும்பாலான தரகர்களுக்குக் கமிஷன் கொடுப்பது கடன் தரும் நிறுவனம், அதுவும் கடன் தொகையில் ஒரு விகிதமாக. வேறு சிலர் வாடிக்கையாளரிடமே கட்டணம் வாங்குகிறார்கள். முதல் வகையில் நமக்கு இலவசம் போலத் தோன்றும் சேவை பெரிய கடனின் பக்கம் சாய்வதற்கு இடம் இருக்கிறது. சில நாடுகள் இந்தச் சாய்வைச் சட்டத்தால் கட்டுப்படுத்த முயன்றிருக்கின்றன. அமெரிக்காவில் 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வந்த 2010ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் சட்டம், கடனின் வட்டி போன்ற நிபந்தனைகளைப் பொறுத்து இடையாளரின் ஊதியம் கூடிக் குறைவதைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் 2021 ஜனவரி 1 முதல், வாடிக்கையாளரின் நலனுக்கு உகந்தபடி நடப்பது அடமானக் கடன் தரகர்களின் சட்டக் கடமை. இத்தகைய கடமை எல்லா இடங்களிலும் இல்லை என்பதால், கையெழுத்துக்கு முன் தரகரின் உரிமத்தையும் கமிஷன் விவரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குவதை நான் கட்டாயமாகவே கருதுகிறேன்.

நாங்கள் கேட்டதில் மிகவும் பயன்பட்ட கேள்வி, அவர் பட்டியலில் இல்லாத நிறுவனங்கள் எவை என்பது. "சந்தை முழுவதையும் பார்த்துச் சொல்கிறேன்" என்று தொடங்கியவர், தம்மோடு ஒப்பந்தம் உள்ள நிறுவனங்களை மட்டுமே பார்க்கிறார் என்பதும், தரகர் வழி விண்ணப்பங்களை ஏற்காத வங்கிகளும் இருக்கின்றன என்பதும் அப்போதுதான் தெரிந்தன. அத்தகைய வங்கி ஒன்றை நாங்களே தொடர்புகொண்டோம். வட்டி சற்றுக் குறைவாகவே இருந்தது, ஆனால் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டும் வழக்கம் அங்கே இல்லாததால் எங்களுக்குப் பயன்படவில்லை. என் கணவரைப் போல நிலையான சம்பளம் மட்டும் உள்ள ஒருவருக்கு அந்த வங்கியே சிறந்த தேர்வாக இருந்திருக்கும். எந்தத் தரகரும் அதை அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

புதிய கடனில் முதல் 3 ஆண்டுகள் நிலையான வட்டி, பிறகு மாறும் வட்டி. பதினான்காம் மாதத்தில் இன்னும் குறைந்த வட்டி ஒன்று கண்ணில் பட்டபோது தரகரை அழைத்தேன். இரண்டு ஆண்டுகள் முடியட்டும் என்றார். காரணத்தை நேராகக் கேட்டபோது மறைக்காமல் சொன்னார்: இரண்டு ஆண்டுக்குள் கடன் முடிக்கப்பட்டால் வாங்கிய கமிஷனில் ஒரு பகுதியை அவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த வழக்கம் தரகுத் தொழிலில் பரவலாக உண்டு. அவர் நேர்மையை மதித்தேன், ஆனால் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். நிலையான வட்டிக் காலத்துக்குள் கடனை முடித்தால் எங்கள் ஒப்பந்தப்படி அபராதம் உண்டு. அது வட்டி மிச்சத்தை விழுங்கிவிடும் என்று தெரிந்ததால் காத்திருந்தோம். அவர் சொன்ன அறிவுரையும் எங்கள் கணக்கும் அந்த முறை ஒன்றாக அமைந்தன, எப்போதும் அப்படி அமையும் என்று எண்ண முடியாது.

தரகர் வழியில் எனக்கு நேர்ந்த மிகக் கசப்பான அனுபவம் நான்காம் ஆண்டில். கையில் சேர்ந்த ஒரு தொகையை அசலில் கட்டி, தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். வங்கி காலத்தை விட்டுவிட்டுத் தவணைத் தொகையைக் குறைத்துவிட்டது. வட்டியில் மிச்சம் பிடிக்கக் காலத்தைக் குறைப்பதே சிறந்த வழி என்பதால் திருத்தக் கேட்டோம். உங்கள் கோப்பு தரகர் வழியாக வந்தது, அவரிடம் பேசுங்கள் என்றார்கள். தரகரோ, கடன் கொடுத்து முடித்த பின் கணக்கில் கைவைக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்றார், அது உண்மையும்கூட. இருவருக்கும் நடுவே இரண்டு மாதங்கள் அலைந்து, எழுத்துபூர்வமான புகாருக்குப் பிறகே திருத்தம் நடந்தது. பழைய வங்கியில் இருந்தபோது கிளை மேலாளரின் மேசைக்கு நேரே போய் இதே போன்ற ஒரு பிழையை ஒரே நாளில் சரிசெய்திருந்தோம். தரகர் நம்மைக் கதவு வரை கூட்டிச் செல்கிறார். உள்ளே வாழப்போவது நாமும் வங்கியும்தான். ஆகவே தரகர் வழியே போனாலும் கடன் தரும் நிறுவனம் வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறது என்று, வட்டியைப் பார்ப்பதற்குச் சமமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.

அவருக்கு உரிய நன்றியையும் சொல்ல வேண்டும். நிலையான வட்டிக் காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே அவரே அழைத்து, ஒன்றும் செய்யாமல் விட்டால் வங்கியின் பொதுவான மாறும் வட்டிக்குக் கடன் தானாகப் போய்விடும், அது அப்போது புதியவர்களுக்குக் கொடுப்பதைவிட அதிகம் என்று எச்சரித்தார். பழைய வங்கியின் 5 ஆண்டுகளில் ஒரு முறையும் எங்களுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்ததில்லை.

கடந்த ஆண்டு வட்டியை மீண்டும் பார்க்க வேண்டி வந்தபோது இரண்டு வழிகளையும் சேர்த்தே பயன்படுத்தினோம். தரகரிடம் வேறொரு நிறுவனத்தின் விகிதத்தை எழுத்தில் வாங்கி, அதைத் தற்போதைய வங்கியிடம் காட்டி, இருக்கும் வாடிக்கையாளரைத் தக்கவைக்க என்ன தருவீர்கள் என்று கேட்டோம். முழுமையாக அந்த அளவுக்கு இறங்கவில்லை. மாற்றும் செலவுகளைக் கழித்துப் பார்த்தபோது இருந்த இடத்திலேயே இருப்பது லாபம் என்று தெரிந்தது. கடன் மாறாததால் தரகருக்குக் கமிஷன் எதுவும் கிடைக்கவில்லை, அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கேட்டிருந்தோம். முன்கூட்டிக் கட்டிய தொகையையும் சேர்த்தால், 8 ஆண்டு மீதி இருக்க வேண்டிய கடன் இப்போது 6 ஆண்டுக்குள் முடியும் நிலையில் இருக்கிறது. பத்திரங்களைத் திரும்பப் பெறும்போது எந்தெந்த மூல ஆவணங்கள் வர வேண்டும் என்ற பட்டியலை, கடன் மாறிய நாளில் வங்கி கையெழுத்திட்டுக் கொடுத்த ரசீதோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.