நாலரை நிமிடத்துக்காக வாங்கிய எல்பி

ஒரே ஒரு பாட்டுக்காக முழு எல்பி (வினைல் இசைத்தட்டு) வாங்குவது புத்திசாலித்தனமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' ஆல்பம் ஏற்கெனவே பழைய சிடியாக வீட்டில் கிடக்கிறது. அப்படியும் 180 கிராம் எடையுள்ள கனமான தட்டில் வந்த மறுபதிப்பை வாங்கியதற்குக் காரணம், முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டான 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. என் சிடியில் அந்தப் பாட்டை எழுதியவர் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் மட்டும். புதிய பதிப்பில் அவர் பக்கத்திலேயே அதைப் பாடிய கிளேர் டோரி பெயரும் இருக்கிறது. அந்த இரண்டாவது பெயர் அங்கே வந்து சேர 32 வருடம் ஆனது.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1973 ஜனவரி, லண்டன், ஆபி ரோடு ஸ்டூடியோ. வார்த்தையே இல்லாத ஒரு பியானோ டிராக்குக்குக் குரல் வேண்டும். ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் தனக்குத் தெரிந்த ஒரு செஷன் பாடகியை, அதாவது கூலிக்கு வந்து பாடிவிட்டுப் போகும் டோரியைக் கூப்பிடுகிறார். வயது 25. பிங்க் ஃப்ளாய்டின் ரசிகையும் இல்லை. சனிக்கிழமை சக் பெர்ரி கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், வர முடியாது என்று சொல்லிவிட, ஞாயிற்றுக்கிழமை இரவுக்கு வேலை தள்ளிப்போகிறது. ஞாயிறு என்பதால் இரட்டைச் சம்பளம், 30 பவுண்டு. முதலில் அவர் வழக்கமான சோல் பாணியில் 'பேபி, பேபி' என்று ஆரம்பிக்க, அதெல்லாம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். சரி, குரலை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்து இரண்டு டேக் முழுதாகப் பாடினார். மூன்றாவதில் பாடினதையே திரும்பப் பாடுகிறோம் என்று தோன்றியதும் பாதியில் நிறுத்திவிட்டார். கேட்டவர்கள் முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, இதை எங்கே பயன்படுத்தப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனவர், ஆல்பத்தைக் கடையில் பார்த்த பிறகுதான் தன் குரல் அதில் இருப்பதைத் தெரிந்துகொண்டார்.

பாடகி என்று அப்போதே பெயர் போட்டார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மெட்டில் ஒரு சங்கதிகூட யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. நம் ஊர் ஆலாபனை மாதிரி அந்த இடத்தில் பிறந்தது. அதற்கு 30 பவுண்டோடு கணக்கு முடிந்தது என்றால் எப்படி? 2004இல் வழக்குப் போட்டார், 2005இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானமாகப் பேசி முடித்தார்கள், தொகை வெளியில் வரவில்லை, எழுதியவர் பட்டியலில் பெயர் வந்தது.

இனி எல்பி. பாட்டு பக்கத்தின் கடைசியில் வருவது ஒரு வகையில் துரதிர்ஷ்டம். ஊசி லேபிளை நெருங்க நெருங்க ஒரு சுற்றில் ஓடும் பள்ளத்தின் நீளம் குறையும், உச்சத்தில் பாடும் குரல் அங்கேதான் கரகரக்கும். பயந்துகொண்டுதான் போட்டேன். முதல் முறை நான் பயந்தபடியே நடந்தது. ஆனால் தப்பு எல்பியில் இல்லை, என் ஊசியின் கோணத்தில். அதைச் சரி செய்து மறுபடி போட்டபோது, டிரம்ஸ் உள்ளே நுழைந்ததும் அவர் முழுத் தொண்டையில் எடுக்கும் அந்த முதல் கத்தல் எங்கேயும் உடையாமல் வந்தது. அப்புறம் நடுவில் எல்லாம் அடங்கி, கிட்டத்தட்ட முனகலாக இறங்கும் இடம். சிடியில் அது எனக்கு வெறும் இடைவெளி மாதிரி இருந்தது, இதில் மூச்சு வாங்குவது கேட்கிறது. வேறு பாட்டுகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.

இதைக் கேட்டுவிட்டு பிங்க் ஃப்ளாய்டின் 1994 கச்சேரிப் பதிவையும் போட்டுப் பார்த்தேன். அதே பாட்டை மூன்று பாடகிகள் பங்கு போட்டுப் பாடுகிறார்கள். மூவருமே பிரமாதம், ஆனாலும் மூன்று பேர் தேவைப்பட்டது. அதற்கு முன்பே 1990இல் டோரியே இங்கிலாந்தின் நெப்வொர்த் மேடையில் பிங்க் ஃப்ளாய்டோடு இதைப் பாடினார். மற்றபடி அவருடைய வேலை அடுத்தவர் ஆல்பங்களில் சிதறிக் கிடக்கிறது: ஆலன் பார்சன்ஸ் பிராஜெக்டின் 'ஈவ்', கல்ச்சர் கிளப்பின் 'தி வார் சாங்', ரோஜர் வாட்டர்ஸின் 'ரேடியோ கே.ஏ.ஓ.எஸ்', 'பட்டர்ஃப்ளைஸ்' என்ற பிபிசி தொடரின் டைட்டில் பாட்டு. இந்தத் தொடரைப் பார்த்த எத்தனை பேருக்கு அது அதே குரல் என்று தெரிந்திருக்கும்?

குறை என்று சொன்னால், பார்சல் ஒரு மூலை மடங்கி வந்தது. விற்றவர் ஒற்றை அட்டையில் சுற்றி அனுப்பியிருந்தார், கேட்டதற்குப் பதிலே இல்லை. தட்டுக்குச் சேதம் இல்லாததால் திருப்பி அனுப்பவில்லை. உள்ளே போஸ்டர்களும் ஸ்டிக்கர்களும் ஒழுங்காக இருந்தன.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஒன்று செய்யுங்கள், இந்தப் பாட்டுக்கு நேரே எழுதியவர் யார் என்று பாருங்கள். ரைட் பெயர் மட்டும் இருந்தால் அது அந்தச் சமாதானத்துக்கு முன்னால் அச்சானது.