சிலம்பமா, தேக்குவாண்டோவா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பள்ளி தொடங்கும் நேரத்தில் பெற்றோர் கேட்பது இதுதான்: பிள்ளையை எதில் சேர்க்கலாம், நம் கம்புக் கலையான சிலம்பத்திலா, கொரியாவின் உதைக் கலையான தேக்குவாண்டோவிலா?

செலவு: சிலம்பத்துக்கு நெற்றி உயரத்தில் ஒரு பிரம்பு போதும். தேக்குவாண்டோவுக்கு வெள்ளைச் சீருடை, கவசம், அப்புறம் ஒவ்வொரு பட்டை (பெல்ட்) தேர்வுக்கும் தனிக் கட்டணம்.

இடம்: சிலம்பத்துக்குக் கோவில் திடல், மழை வந்தால் வகுப்பு இல்லை. தேக்குவாண்டோவுக்கு மண்டபம்.

போட்டி: தேக்குவாண்டோ 2000 சிட்னி முதல் ஒலிம்பிக் பதக்க விளையாட்டு. சிலம்பம் ஒலிம்பிக்கில் இல்லை.

தற்காப்பு: சங்கதியே இங்கேதான். கம்பைத் தூக்கிக்கொண்டு யாரும் இரவுச் சந்தைக்குப் போவதில்லை. ஆனால் சிலம்பத்தில் பழகிய காலடி, அதாவது கால் நகர்த்தும் முறை, கூடவே வரும். எங்கள் ஆசான் முதல் மாதம் கம்பையே தொடவிடவில்லை. மண்ணில் கோடு கிழித்து, பின்னால் நகரச் சொன்னார். வெறுப்பாக இருந்தது. பிறகொரு நாள் சாப்பாட்டுக் கடையில் ஒருவன் மேசையைத் தள்ளிவிட்டு என்மேல் பாய்ந்தான். அந்தப் பின்காலடிதான் உதவியது. விலகினேன், மோட்டாரை எடுத்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். தேக்குவாண்டோவின் தலை உயர உதையை அந்த ஈரத் தரையில், ஜப்பான் செருப்போடு (ரப்பர் செருப்பு)... சரி, விடுங்கள்.

சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். தற்காப்பு உரிமை உண்டு. ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக்கூடாது என்கிறது மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 99ஆம் பிரிவு.

போட்டி, பதக்கம் என்று துடிக்கும் பிள்ளைக்குத் தேக்குவாண்டோ. கையில் காசு குறைவு, ஆபத்தில் நழுவத் தெரிந்தால் போதும் என்றால் சிலம்பம். என் மகளைத் திடலுக்குத்தான் அனுப்புகிறேன்.